மோதலுக்குப் பிறகு 'வழி விடவில்லை' என்று கேஸ் வந்தால்: குமரி மாவட்டத்தில் எதிர்த்து நிற்பது எப்படி

ஜங்ஷனில் இரண்டு வண்டி மோதினால், போலீஸ் வருவதற்குள் கூடி நிற்கிறவர்கள் தீர்ப்பே சொல்லி முடித்திருப்பார்கள். சின்ன ரோட்டிலிருந்து ஏறி வந்தவன் மேல்தான் தப்பு என்பார் ஒருவர், பெரிய வண்டிக்காரன்தான் பார்த்து வந்திருக்க வேண்டும் என்பார் இன்னொருவர், அப்புறம் வந்து சேருகிற எஸ்.எஸ்.ஐ.யோ ஏட்டோ அதில் எது சத்தமாகக் கேட்டதோ அதையே பேப்பரில் ஏற்றிவிடுவதும் உண்டு. 'வழி விடாமல் வந்து மோதியவர்' என்று உங்கள் பெயர் அதில் ஏறிவிட்டால் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான்: தொகை சின்னதுதானே என்று கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். அப்படிக் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். வடசேரியிலோ தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ முதல்முறையாக மாட்டிக்கொண்டவர்கள், கேரளப் பதிவு வண்டியில் வந்து சிக்கியவர்கள், லீவுக்கு ஊருக்கு வந்த கல்ஃப்காரர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

1. கையில் இருப்பது எந்தப் பேப்பர்?

மூன்றில் ஒன்றாக இருக்கும், மூன்றுக்கும் வழி வேறு.

சி.எஸ்.ஆர். என்றால் புகார் மனுவை வாங்கிக்கொண்டதற்கான ரசீது. வழக்கு இன்னும் பதிவாகவில்லை. எதிர்த்தரப்பு மனு கொடுத்து, 'ஸ்டேஷனுக்கு வந்து பேசிட்டுப் போங்க' என்று போன் வந்தால் பெரும்பாலும் இந்த நிலைதான்.

இ-சலான் என்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அபராதம். இதில் தொகையை விட்டுவிட்டு முதலில் பிரிவு எண்ணைப் பாருங்கள். 177 பொதுவான பிரிவு, முதல் தடவைக்கு 500 ரூபாய் வரை. 177-ஏ சாலை ஒழுங்குமுறைகளை மீறியதற்கு, 500-லிருந்து 1,000 ரூபாய் வரை. வழி விடாததற்கு நேராகப் பொருந்துவது இதுதான். 184 என்று போட்டிருந்தால் விஷயம் பெரிது. அது ஆபத்தான முறையில் ஓட்டியது. முதல் தடவைக்கே 1,000-லிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, இரண்டும் சேர்த்தும் கொடுக்கலாம். சிவப்பு விளக்கைத் தாண்டுவது, 'நில்' பலகையை மீறுவது, எதிர்த்திசையில் ஓட்டுவது, விதிக்கு மாறாக முந்துவது எல்லாம் இதற்குள் அடங்கும். கையில் செல்போன் வைத்துக்கொண்டு ஓட்டியதைத் தவிர மற்ற 184 எதையும் ரோட்டிலேயே பணம் வாங்கி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 'இப்பவே கட்டிட்டா முடிஞ்சுது' என்று யாராவது சொன்னால் ரசீதில் என்ன பிரிவு வரும் என்று கேட்டுவிடுங்கள்.

எஃப்.ஐ.ஆர். என்றால் குற்ற வழக்கு. 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம் கிடையாது, பாரதிய நியாய சன்ஹிதாதான். பழைய 279-க்குப் பதில் இப்போது 281, அதாவது பொது வழியில் அசட்டையாக, உயிருக்கு ஆபத்து வரும்படி ஓட்டுவது: ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். யாருக்காவது காயம் என்றால் 125(ஏ), எலும்பு முறிவு மாதிரியான கொடுங்காயம் என்றால் 125(பி), இதில் மூன்று வருடம் வரை போகும். மரணம் என்றால் 106(1), ஐந்து வருடம் வரை. இவை எல்லாமே ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள், ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்கும், ஆகவே எஃப்.ஐ.ஆர். என்ற வார்த்தையைக் கேட்டதும் ராத்திரியோடு ராத்திரியாக ஊரை விட்டு ஓட வேண்டாம். நகல் தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவைத் தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம், யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஒரே மோதலுக்குச் சலானும் எஃப்.ஐ.ஆரும் சேர்ந்து வருவதும் உண்டு. சலானைக் கட்டினால் எஃப்.ஐ.ஆர். தானாகப் போய்விடும் என்று நம்பிக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். அது போகாது. எஃப்.ஐ.ஆருக்குக் கூடுதலாக ஒரு சாட்சிப் பேப்பர் கிடைத்ததுதான் மிச்சம்.

2. 500 ரூபாய்தானே என்று ஏன் கட்டக்கூடாது

மோதல் எதுவும் இல்லாமல் வெறும் சலான் வந்திருந்தால் நானே கட்டிவிட்டுப் போகச் சொல்லுவேன். கோர்ட்டுக்குப் போய்வருகிற ஒரு நாள் கூலியும் பஸ் காசும் அதைவிட அதிகம். ஆனால் மோதல் நடந்து, அதில் யாருக்காவது அடிபட்டிருந்தால், 'வழி விடவில்லை' என்று நீங்கள் ஒத்துக்கொள்கிற அந்த ஒரு வரி பிறகு பல மேசைகளுக்குப் போகும்.

முதல் மேசை, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அடிபட்டவர் அங்கே உங்கள் மேலும் உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி மேலும் மனுப் போடுவார். குற்றவியல் கோர்ட்டில் ஒத்துக்கொண்டு அபராதம் கட்டியிருந்தால், அந்தத் தீர்ப்பின் நகலைத்தான் முதல் ஆவணமாகத் தாக்கல் செய்வார்கள். அது மட்டுமே முடிவு இல்லை, இரண்டு பக்கமும் தவறு என்று நிரூபிக்க அங்கேயும் வழி இருக்கிறது, ஆனால் தானே ஒத்துக்கொண்ட ஒருவர் பிறகு மாற்றிப் பேசினால் எடுபடுவது கஷ்டம். 'இன்ஷூரன்ஸ்தானே கொடுக்கப்போகுது, பாவம் அவனுக்குக் காசு கிடைக்கட்டும், நீ ஒத்துக்கோ' என்று இரண்டு தரப்பும் பேசி முடிப்பது நம் பக்கம் சர்வசாதாரணம். இரக்கம் நல்லதுதான். ஆனால் அன்றைக்கு உங்கள் லைசென்ஸ் காலாவதியாகி இருந்ததோ, அந்த வகை வண்டி ஓட்ட உரிமம் இல்லையோ என்றால், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடமே வசூல் பண்ணும். அந்தத் தொகை லட்சங்களில் இருக்கும்.

இரண்டாவது, ஆர்.டி.ஓ. 184-இல் உரிமத்தைப் பறிமுதல் செய்து, தகுதி நீக்கத்துக்கு அனுப்பப் போலீசுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆட்டோ, டாக்சி, டெம்போ ஓட்டிப் பிழைக்கிறவருக்கு அபராதத்தைவிட இதுதான் அடி. மூன்றாவது, பாஸ்போர்ட். சலானைக் கட்டிய பிறகும் எஃப்.ஐ.ஆர். வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் புதுப்பிப்பும், வெளிநாட்டு வேலைக்குக் கேட்கிற போலீஸ் நன்னடத்தைச் சான்றும் சிக்கும். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற மாவட்டத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

3. அந்த இடத்தில் யார் யாருக்கு வழி விட வேண்டியிருந்தது?

கேஸின் உயிரே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது, ஆனால் கோர்ட் வரை போகிறவர்கள்கூட இதை உட்கார்ந்து யோசிப்பதில்லை. இப்போது நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள். அதன் சாரம் இதுதான். சிக்னலும் இல்லை, போலீசும் நிற்கவில்லை, பலகையும் இல்லை என்றால் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிற வண்டிக்கு நீங்கள் வழி விட வேண்டும். பிரதான சாலை என்று குறிக்கப்பட்ட ரோட்டுக்குள் ஏறினால் அந்த ரோட்டில் போகிறவர்களுக்கு முன்னுரிமை. ரவுண்டானாவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை. குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் இருக்கிற மாதிரி ஏற்ற இறக்க ரோட்டில், அகலம் போதாத இடத்தில், ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்க வேண்டும். இதெல்லாம் போக, எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது: முக்கு வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், போனால் ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகே உள்ளே போக வேண்டும். முன்னுரிமை உள்ளவருக்கும் இது உண்டு. 'நான் மெயின் ரோடு, நீதான் நிற்கணும்' என்று சொல்லிக்கொண்டு ஜங்ஷனைக் காற்றாய்க் கடக்க யாருக்கும் உரிமை கிடையாது.

இதை நம் ரோட்டில் வைத்துப் பாருங்கள். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை, பழைய நெடுஞ்சாலையில், கொஞ்ச தூரத்துக்கு ஒரு கிளை ரோடு வந்து ஏறும். பாதி முக்குகளில் 'வழி விடு' என்ற தலைகீழ் முக்கோணமும் இருக்காது, எட்டு மூலை 'நில்' பலகையும் இருக்காது, கிளை ரோட்டில் ஒரு வேகத்தடை மட்டும் தேய்ந்து கிடக்கும். பலகை இருந்தாலும் அதன் மேல் ஃப்ளெக்ஸ் கட்டியிருப்பார்கள், அல்லது முன்னால் ஆட்டோ ஸ்டாண்ட் வந்திருக்கும். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்திலிருந்து இறங்குகிற வண்டியும் கீழ்ரோட்டில் வருகிற வண்டியும் சேருகிற இடத்தில் யாருக்கு யார் வழி விடுவது என்று அங்கே தினமும் ஓட்டுகிறவர்களிடம் கேட்டாலே ஆளுக்கு ஒரு பதில் வரும். கிளை ரோட்டிலிருந்து வந்த ஒரே காரணத்துக்காக நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. அங்கே என்ன பலகை இருந்தது, என்ன கோடு இருந்தது, எதிராளி எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், அவரை எவ்வளவு தூரத்திலிருந்து உங்களால் பார்த்திருக்க முடியும், இவ்வளவும் கேட்க வேண்டிய கேள்விகள்.

உதாரணத்துக்கு, கிளை ரோட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து வலது பக்கம் திரும்புகிறீர்கள் என்று வையுங்கள். ரோட்டின் பாதியைத் தாண்டியாயிற்று. அப்போது வலப்பக்கத்திலிருந்து வந்த ஒரு கார், முன்னால் நின்ற பஸ்ஸை முந்தியபடி, உங்கள் பின்சக்கரத்தின் பக்கம் மோதுகிறது. கூட்டம் என்ன சொல்லும்? 'சந்துக்குள்ளிருந்து பாய்ஞ்சு வந்தான்.' பேப்பரிலும் அதுதான் வரும். ஆனால் அடிபட்டிருப்பது பின்சக்கரம், அதாவது நீங்கள் கிட்டத்தட்டக் கடந்துவிட்டீர்கள். கார் இருந்தது அதன் வழக்கமான பக்கத்திலே அல்ல, பஸ்ஸை முந்துகிற பக்கத்தில். வலமிருந்து வருகிறவருக்கு வழி என்ற விதி உங்களுக்கு எதிராகத்தான் நிற்கும்; ஆனால் ஜங்ஷனில் முந்தியதும் வேகம் குறைக்காததும் அவர் பக்கம். இது முழு விடுதலையா பாதிப் பாதியா என்று கோர்ட் முடிவு செய்யட்டும், ஆனால் முழுத் தப்பும் உங்களுடையது என்று நீங்களே எழுதிக் கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

சேதம் எங்கே என்பதை வைத்து வாதாடும்போது ஒரு எச்சரிக்கை. உங்கள் வண்டியின் பக்கவாட்டில் அடி என்றால் 'நான் முதலிலேயே உள்ளே வந்துவிட்டேன்' என்று நீங்கள் சொல்லலாம், 'நான் வந்துகொண்டிருக்கும்போதே குறுக்கே பாய்ந்தார்' என்று அவரும் அதே அடியைக் காட்டிச் சொல்லலாம். எது நிஜம் என்று காட்டுவது கண்ணாடித்தூளும் டயர் தடமும் கேமராவும்தான்.

4. முதல் நாட்களில் சேர்க்க வேண்டியவை

அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பதும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்வதும் ஓட்டுநரின் சட்டக் கடமை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு. கூட்டம் அடிக்க வருகிறது என்றால் நேராக ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லுங்கள். ஓடிப்போய்விட்டார் என்ற பெயர் வழக்கில் ஒட்டிக்கொண்டால் கழற்றுவது கஷ்டம்.

போட்டோ எடுக்கும்போது நசுங்கின பம்பரை மட்டும் பத்துப் பன்னிரண்டு தடவை எடுக்காதீர்கள். வண்டிகள் நின்ற நிலை, ரோட்டின் இரண்டு ஓரமும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து சில, நீங்கள் வந்த திசையிலிருந்து ஓட்டுநர் கண் உயரத்தில் சில, எதிராளி வந்த திசையிலிருந்தும் அப்படியே. பலகை இருந்தால் பலகை, இல்லாவிட்டால் இல்லாத முக்கு. வண்டியை எடுத்த பிறகும் பரவாயில்லை, மறுநாள் அதே நேரத்துக்குப் போய் எடுங்கள், சாயங்காலம் மேற்கு வெயில் கண்ணில் அடிக்கிற ரோடு என்றால் அதுவும் தெரியட்டும்.

கேமராதான் அவசரம். பெட்ரோல் பங்க், நகைக்கடை, ஏ.டி.எம்., கோவில், சர்ச், வீட்டு வாசல் என்று இப்போது இல்லாத இடமில்லை, ஆனால் பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறி அழிந்துவிடும், பல கடைகளில் ஓரிரண்டு வாரம்கூடத் தாங்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கினால் போதாது. மூல ஃபைலைப் பென்டிரைவில் எடுங்கள், கேமராவில் காட்டுகிற நேரத்துக்கும் நிஜ நேரத்துக்கும் வித்தியாசம் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கோர்ட்டில் அதை ஆவணமாக ஏற்க, பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் ஃபைலின் ஹேஷ் எண்ணும் (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் கணினிக் குறியீடு) இருக்க வேண்டும், கேமராக்காரரும் ஒரு நிபுணரும் ஆளுக்கொரு பகுதியில் கையெழுத்துப் போட வேண்டும். கடைக்காரர் 'நமக்கெதுக்கு வம்பு' என்று ஒதுங்கினால் தப்பு சொல்ல முடியாது, அப்போது விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுங்கள்: இன்ன கடையின் இன்ன கேமராவில் இன்ன நேரத்துப் பதிவைக் கைப்பற்ற வேண்டும் என்று. மனு வாங்கியதற்கு ரசீது வாங்குங்கள், வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிறகு அந்தப் பதிவு அழிந்துபோனால்கூட, கேட்டும் எடுக்கவில்லை என்பதே உங்களுக்கு ஒரு பாயிண்ட்.

ஆஸ்பத்திரிப் பேப்பர். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும் விபத்து என்று போனதும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள், அதன் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறோம். எப்படி அடிபட்டது என்று டாக்டரிடம் முதலில் சொல்லுகிற அந்த ஒரு வரி, எஃப்.ஐ.ஆருக்கு முன்னாலேயே எழுதப்படுவதால், பிறகு பெரிய எடை பெறும். எதிராளி முதலில் 'தானாக விழுந்தேன்' என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் கழித்து உங்கள் வண்டி நம்பரோடு புகார் கொடுத்த வழக்குகள் உண்டு. நீங்களும் அடிபட்டுப் போயிருந்தால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள், பதற்றத்தில் 'நான்தான் பார்க்கல' என்று உளறிவிடாதீர்கள்.

வண்டியை ஸ்டேஷனில் போட்டிருந்தால் மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நம் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர், வந்து பார்க்க வேண்டும். பரிசோதனை முடிந்தால் 24 மணி நேரத்தில் வண்டியைத் திருப்பித் தர மோட்டார் வாகனச் சட்டம் சொல்லுகிறது, 136-ஆம் பிரிவு. தரவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போட்டு எடுக்கலாம். எடுத்ததும் நேரே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகாதீர்கள், சேதத்தை முதலில் போட்டோவும் சர்வேயும் எடுத்துவிட்டுப் பிறகு டிங்கரிங்.

5. ஸ்டேஷனில் 'பேசி முடிக்கும்' பேப்பர்

பெரும்பாலான மோதல்கள் இங்கேதான் முடிகின்றன, அது தப்பும் இல்லை. பணம் கொடுக்கிறீர்கள் என்றால் எழுதுகிற வாசகத்தை மட்டும் கவனியுங்கள். 'என் கவனக்குறைவால் நடந்த விபத்துக்கு நஷ்டஈடாக' என்று ஸ்டேஷன் ரைட்டர் எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாமல், 'தவறு யாருடையது என்பதற்குள் போகாமல், மனிதாபிமான அடிப்படையில் மருத்துவச் செலவுக்காக' என்று மாற்றச் சொல்லுங்கள். யாரும் பெரிதாக மறுக்க மாட்டார்கள்.

ஆனால் எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு சமாதானம் பேசினால் 281 தானாக மறையாது, இரண்டு பேர் சேர்ந்து வாபஸ் வாங்கக்கூடிய பிரிவு அது இல்லை. சமாதான மனுவோடு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 528-இன் கீழ் வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்குச் செலவு இருக்கிறது. பாஸ்போர்ட் அவசரம் உள்ளவர்கள் அந்த வழியை யோசிக்கலாம்.

6. சலானை எதிர்க்க

பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண் போட்டால் சலானும் அதோடு உள்ள போட்டோவும் வரும். புகார் பதிவு செய்யும் இடமும் அங்கேயே உண்டு. எழுதும்போது கதை வேண்டாம்: சலான் எண், இடம், உங்கள் மறுப்பு ஒரே வரியில், இணைத்திருக்கும் போட்டோ, அவ்வளவுதான். முக்கியமாக, சலான் போட்டவர் மோதலைப் பார்த்தாரா, அல்லது பிறகு வந்தாரா என்பதை நேரத்தோடு குறிப்பிடுங்கள். வேகத்தை மெஷின் அளக்கிறது, ஹெல்மெட் இல்லாததைக் கண்ணால் பார்க்கிறார்கள், ஆனால் வழி விடாததை மோதல் முடிந்து பத்து நிமிடம் கழித்து வந்தவர் எதைப் பார்த்து எழுதினார்? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத சலான்கள்தான் அதிகம். இதே மனுவின் நகலை நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பிவைக்கலாம்.

அதிலும் தள்ளுபடி ஆகவில்லை என்றால் கோர்ட். மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது இணையத்திலேயே நடக்கிற கோர்ட்டுக்கு, அனுப்பியிருந்தால் அந்தத் தளத்தில் 'பணம் கட்டு', 'வழக்கை எதிர்கொள்' என்று இரண்டு வழி இருக்கும், இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கமான மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்கு மாறும். சம்மனில் தபாலிலேயே குற்றத்தை ஒத்துக்கொண்டு பணம் அனுப்பலாம் என்று இருந்தால் அது உங்களுக்குக் கொடுக்கப்பட்ட வசதி மட்டுமே, கட்டாயம் இல்லை. கெடு எதுவாக இருந்தாலும் சலானிலும் நோட்டீசிலும் போட்டிருக்கும் தேதியைத் தவற விடாதீர்கள். சும்மா போட்டுவைத்தால் பெயர் மாற்றம் மாதிரி ஆர்.டி.ஓ. வேலைகள் சிக்கும், கேரள நம்பர் வண்டிக்கும் இதே கதைதான், பதிவு எந்த மாநிலம் என்றாலும் தளம் ஒன்று.

கோர்ட்டில் சில்லறை வழக்குகள் கூட்டமாக வரும் நாளில் பெயரைக் கூப்பிட்டு, 'ஒத்துக்கிறீங்களா?' என்று ஒரு மூச்சில் கேட்டு அடுத்த பெயருக்குப் போவார்கள். முன்னாலிருப்பவர் எல்லாரும் தலையாட்டுகிறார்களே என்று நீங்களும் ஆட்டிவிடாதீர்கள். 'இல்லை ஐயா, வழக்கை நடத்துகிறேன்.' இது போதும், விளக்கம் அன்றைக்குச் சொல்ல வேண்டியதில்லை. லோக் அதாலத்திலும், அதாவது மக்கள் நீதிமன்றத்திலும், இதே கவனம்: இழப்பீட்டுத் தொகையைப் பேசி முடிக்க அது அருமையான இடம், ஆனால் அபராதம் கட்டி முடிக்கிற வழக்கு என்றால் ஒத்துக்கொண்டதாகத்தான் பதிவாகும்.

7. எஃப்.ஐ.ஆரை எதிர்க்க

உங்கள் தரப்பை விசாரணை நடக்கும்போதே எழுத்தில் கொடுங்கள். நீங்களும் அடிபட்டிருந்தால் உங்கள் புகாரையும் தனியாகக் கொடுங்கள். வாங்கவில்லை என்றால் பி.என்.எஸ்.எஸ். 173(4)-இன்படி எஸ்.பி.க்குத் தபாலில், அதுவும் ஆகவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட்டிடம். ஒரே சம்பவத்துக்கு இரண்டு தரப்பும் புகார் கொடுத்தால் இரண்டையும் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்பது தமிழ்நாடு காவல் நிலையாணை 566 (பழைய எண் 588-ஏ). இதைப் பெயர் சொல்லிக் கேட்டால் பேச்சின் தொனியே மாறும்.

குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனதும் அதோடு உள்ள எல்லா ஆவணத்தின் நகலும் இலவசமாக உங்களுக்குத் தர வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை பார்வை மகஜரும் (சம்பவ இடத்தைப் பார்த்து சாட்சிகள் முன்னால் போலீஸ் எழுதும் குறிப்பு) மாதிரி வரைபடமும். ரோட்டின் அகலம் இருக்கிறதா? மோதிய இடம் எந்த ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம்? கிளை ரோடு படத்தில் இருக்கிறதா, பலகை இருக்கிறதா, திசை சரியா? கிழக்கை மேற்காகப் போட்ட வரைபடங்கள் அபூர்வம் இல்லை, திசை மாறினால் 'வலப்பக்கத்திலிருந்து வந்தவர்' யார் என்பதே மாறிவிடும். மகஜர் சாட்சிகள் சம்பவ இடத்தில் இருந்தவர்களா, அல்லது ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் கிடைத்தவர்களா என்பதையும் விசாரியுங்கள்.

அப்புறம் எஃப்.ஐ.ஆரின் அந்த நிரந்தர வாசகம்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து'. 1998-இல் கர்நாடகத்திலிருந்து போன ஒரு லாரி வழக்கில் உச்ச நீதிமன்றம், 'அதிவேகம்' என்பது ஆளுக்கு ஆள் மாறுகிற அளவு, அது எவ்வளவு என்று காட்டாமல் அதை மட்டும் வைத்து அஜாக்கிரதை என்று முடிவு கட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. உங்கள் வக்கீலுக்கு இது தெரிந்திருக்கும், குறுக்கு விசாரணையில் சாட்சியிடம் வேகத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிட்டாரா என்பதை நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதிராளியின் தப்பை நிரூபிக்க வேண்டியதில்லை, உங்கள் தப்பை அவர்கள் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் அளவுகோல் இதைவிடத் தளர்வானது, ஆகவே இங்கே விடுதலை ஆனாலும் அங்கே வழக்கைக் கவனிக்காமல் விடக்கூடாது. இழப்பீட்டு மனுவை அடிபட்டவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், அதனால் கேரளக்காரர் ஒருவர் சம்பந்தப்பட்டிருந்தால் நோட்டீஸ் திருவனந்தபுரத்திலிருந்து வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். வந்ததும் அதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வையுங்கள்.

8. எந்தக் கோர்ட், யார் வக்கீல்

விபத்து நடந்த ஸ்டேஷன் எல்லையைப் பொறுத்து நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி என்று கோர்ட் மாறும். வழக்கு எண் வந்ததும் இ-கோர்ட்ஸ் ஆப்பில் வாய்தா தேதியை நீங்களே பார்க்கலாம், 'வக்கீல் சொல்லல' என்று பிடிவாரண்ட் வரை போகவிட வேண்டாம். 177-ஏ சலான் மட்டும் என்றால் வக்கீல் இல்லாமலும் சமாளிக்கலாம். 184 என்றாலோ, எஃப்.ஐ.ஆர். என்றாலோ வையுங்கள். கட்டணத்தை வாய்தாவுக்கு இவ்வளவா, வழக்கு முழுக்க இவ்வளவா என்று முதலிலேயே பேசிவிடுங்கள், பின்னால் சங்கடம் வேண்டாம். வசதி இல்லாதவர்களுக்கு நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100-க்கு அழைத்தும் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவசம்.

லீவு முடிந்து விமானம் ஏற வேண்டியவர்கள் போவதற்கு முன்னாலேயே வக்காலத்தில் (வக்கீலுக்கு வழக்கை நடத்த அதிகாரம் தரும் பேப்பர்) கையெழுத்துப் போட்டு, நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கு கேட்டு பி.என்.எஸ்.எஸ். 228-இன் கீழ் மனுப் போட வேண்டும். பாஸ்போர்ட் புதுப்பிக்க வேண்டியிருந்தால் அதே கோர்ட்டில் வெளிநாடு செல்ல அனுமதி கேட்கலாம், அந்த உத்தரவைக் காட்டினால் பாஸ்போர்ட் கிடைக்கும், காலம் மட்டும் குறுகியதாக இருக்கலாம்.

நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ.விடமிருந்து லைசென்ஸ் ரத்து பற்றி விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால் அது தனி வழக்கு மாதிரி. வழக்கு நிலுவையில் இருக்கிறது, குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை, நேரில் விசாரிக்க வேண்டும் என்று தேதிக்குள் பதில் கொடுங்கள். எதிராக உத்தரவு வந்தால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

விடுதலை ஆனால் அன்றைக்கே நகல் மனுப் போட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகல் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வையுங்கள்: ஒன்று ஸ்டேஷனுக்கு, அவர்கள் பதிவேட்டிலும் கணினியிலும் 'விடுதலை' என்று ஏற்றச் சொல்லி மனுவோடு; ஒன்று ஆர்.டி.ஓ.வுக்கு, ஒன்று இழப்பீட்டு வழக்கை நடத்தும் வக்கீலுக்கு. ஒன்றைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் அதே கவரில் போடுங்கள், நன்னடத்தைச் சான்றுக்கு வரும் போலீஸ்காரர் பழைய கணினிப் பதிவைப் பார்த்துக் கேட்கும்போது அது தேவைப்படும்.